வாசித்தாயிற்று, புரிந்ததா? கடினமான பாடத்தை முனைந்து படிக்கப் பிள்ளைகளைப் பழக்குவது எப்படி

பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் அறிவியல் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். தட்டுத் தடுமாறாமல் வாசித்துவிடும். முடித்ததும் “என்ன சொல்லியிருக்கு?” என்று கேளுங்கள். முதல் வரியை அப்படியே ஒப்பிக்கும், இல்லையென்றால் மறுபடி புத்தகத்தைப் பார்க்கும். தருமபுரி, பாலக்கோடு, பென்னாகரம் என்று எந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போனாலும் இது கண்ணில் படும். எழுத்து தெரிகிறது, சொல் தெரிகிறது, வேகமும் இருக்கிறது. பொருள் மட்டும் பிடிபடவில்லை. உடனே நாம் “கவனம் போதாது”, “மண்டையில் ஏறவில்லை” என்று சொல்லிவிடுகிறோம். அது நியாயமே இல்லை. வாசிக்கும்போது மனதுக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதை அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

எழுத்துக் கூட்டி வாசிப்பது ஒரு திறமை. வாசித்ததைப் புரிந்துகொள்வது அதோடு ஒட்டிய இன்னொரு திறமை. முதலாவதுக்காகத் தொடக்கப் பள்ளியில் நிறைய உழைக்கிறோம். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமே சிறு வகுப்புகளில் அந்த அடித்தளத்தைப் போடத்தான் வந்தது. ஆனால் ஆறாம் வகுப்புக்குப் பிறகு பாடம் தடிமனாகிறது, வாக்கியம் நீள்கிறது. இனி எல்லாம் தானாகப் புரியும் என்று விட்டுவிடுகிறோம். சில பிள்ளைகளுக்குத் தானாக வந்துவிடும். பலருக்கு வராது. அவர்களுக்குக் கைடுதான் கதி.

முனைந்து படிப்பது என்று நான் சொல்வது இதைத்தான்: வாசிக்கும்போதே அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பது, ‘ஏன்?’ என்று வரியைக் கேட்பது, தனக்கு முன்பே தெரிந்ததோடு பொருத்திப் பார்ப்பது, எந்த இடத்தில் புரியாமல் போனது என்று கண்டுபிடித்து அங்கே நிற்பது. இதில் கடைசியாகச் சொன்னதுதான் மற்ற எல்லாவற்றுக்கும் வேர்.

புரியவில்லை என்பதே தெரியாமல் வாசிப்பது

எல்லன் மார்க்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1979இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று ஆசிரியர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சின்னச் சின்னக் கட்டுரைகள் கொடுத்தார். ஒரு கட்டுரையில் கடலின் அடியில் வெளிச்சமே கிடையாது என்று வரும். கொஞ்சம் தள்ளி, அங்கே வாழும் சில மீன்கள் தங்கள் உணவை அதன் நிறத்தை வைத்துக் கண்டுகொள்கின்றன என்றும் வரும். வெளிச்சம் இல்லாத இடத்தில் நிறம் எப்படித் தெரியும்? பெரும்பாலான பிள்ளைகள் இதைக் கேட்கவே இல்லை. எல்லாம் புரிந்தது என்றே சொன்னார்கள். கட்டுரையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லி வைத்தபோது, பெரிய வகுப்புப் பிள்ளைகளால் அதைக் கூடுதலாகக் கண்டுபிடிக்க முடிந்தது.

இதிலிருந்து நமக்கு ஒரு வழி கிடைக்கிறது. பிள்ளைக்கு அறிவு இல்லாமல் இல்லை, தன் புரிதலைத் தானே சோதிக்கும் பழக்கம் இல்லை. வேலை இன்னதென்று சொன்னால் செய்கிறது. ஆகவே ‘நன்றாகப் படி’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதில் பயன் கிடையாது. ‘எந்த வரி உனக்குச் சந்தேகமாக இருக்கிறதோ அதன் பக்கத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடு’ என்று சொன்னால் பயன் உண்டு. கேள்விக்குறியே போடாமல் ஒரு பக்கத்தை முடித்த பிள்ளைக்கு, பெரும்பாலும் அந்தப் பக்கம் புரியவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். அரசு தரும் பாடப்புத்தகம் பிள்ளையின் சொந்தப் புத்தகம்தானே, பென்சில் கோடு பட்டால் ஒன்றும் ஆகாது.

ஒரு பத்தியை எடுத்துப் பார்ப்போம்

பாடப்புத்தக நடையில் நானே எழுதிய ஒரு பத்தி இது. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நெருக்கமான விஷயம் என்பதால் இதை எடுத்தேன்.

“கடினப் பாறைப் பகுதிகளில், பாறைகளுடன் நீண்டகாலம் தொடர்பு கொண்டிருக்கும் நிலத்தடி நீரில் கால்சியம் குறைந்தும் காரத்தன்மை மிகுந்தும் காணப்படுமாயின், பாறைக் கனிமங்களிலுள்ள ஃபுளோரைடு எளிதில் கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட அளவில் இது கலந்த நீரைத் தொடர்ந்து பருகும் குழந்தைகளின் பற்களில் கறையும், அளவு மேலும் கூடும்போது நாளடைவில் எலும்புகளில் விறைப்பும் ஏற்படக்கூடும். எனினும், குறைந்த அளவில் இதே பொருள் பற்சிதைவைத் தடுக்க உதவுகிறது.”

மூன்றே வாக்கியம். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை முதல் வாக்கியத்தின் நடுவிலேயே தொலைந்துபோகும். காரணம், தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில்தான் வரும். அதுவரை வருவதையெல்லாம் கையில் பிடித்துக்கொண்டே போக வேண்டும். ‘தொடர்பு கொண்டிருக்கும்’, ‘குறைந்தும்’, ‘மிகுந்தும்’, ‘காணப்படுமாயின்’ என்று ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது, வினை வருவதற்குள் முதலில் வாசித்தது நழுவிவிடுகிறது.

இதற்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வழி, வாலிலிருந்து தலைக்குப் போவது. கடைசிச் சொல் என்ன? கரைகிறது. எது கரைகிறது? ஃபுளோரைடு. எங்கேயிருந்து? பாறைக் கனிமத்திலிருந்து. எதில்? நிலத்தடி நீரில். சரி, எப்போதுமே கரையுமா? இல்லை, ‘காணப்படுமாயின்’ என்று ஒரு நிபந்தனை இருக்கிறது. என்ன நிபந்தனை? தண்ணீரில் கால்சியம் குறைவாக இருக்க வேண்டும், காரத்தன்மை அதிகமாக இருக்க வேண்டும். இந்தக் கேள்விகளைக் கேட்டு முடித்ததும் பிள்ளை தன் சொந்த வாக்கியத்தில் சொல்லிவிடும்: “தண்ணி பாறையோட ரொம்ப நாள் கிடந்து, அதுல கால்சியம் கம்மியா இருந்தா, பாறையில இருக்கிற ஃபுளோரைடு தண்ணியில இறங்கிடும்.” இலக்கண வகுப்பில் எழுவாய், பயனிலை என்று இரண்டு மதிப்பெண்ணுக்குப் படித்தது இங்கேதான் உண்மையாகக் கை கொடுக்கிறது. தமிழாசிரியர்களும் அறிவியல் ஆசிரியர்களும் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது.

அடுத்து, ‘இது’. இரண்டாம் வாக்கியத்தில் வரும் ‘இது’ எதைச் சொல்கிறது? கால்சியம் என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு, பாறை என்று சொல்பவர்களும் உண்டு. ‘இது’, ‘அவை’, ‘அத்தகைய’, ‘அவ்வாறு’, ‘மேற்கூறிய’ என்று எது வந்தாலும் நின்று, அது எந்தச் சொல்லைக் காட்டுகிறது என்று விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கடினமான பத்தியில் பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

மூன்றாவதாக, ‘எனினும்’. இந்த ஒரு சொல்லைத் தாண்டிக் குதித்துவிட்டால் பத்தியின் கருத்தே மாறிவிடும். “ஃபுளோரைடு கெடுதல்” என்று மட்டும் நினைவில் நிற்கும். எனினும், ஆனால், ஆகவே, ஏனெனில், இதற்கு மாறாக போன்ற சொற்கள் எழுதியவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதைக் காட்டுபவை. கலைச்சொற்களுக்கு அடிக்கோடு போடும் பிள்ளைகள் இந்தச் சொற்களுக்கு ஒருபோதும் போடுவதில்லை. நான் இவற்றைத்தான் முதலில் வட்டம் போடச் சொல்வேன்.

இதெல்லாம் முடிந்த பிறகும் ஒரு கேள்விக்குறி மிச்சம் இருக்கும், இருக்கவும் வேண்டும். கால்சியம் குறைந்தால் ஃபுளோரைடு ஏன் கரைய வேண்டும்? பத்தி இதைச் சொல்லவில்லை. தண்ணீரில் கால்சியம் தாராளமாக இருந்தால் அது ஃபுளோரைடோடு சேர்ந்து கால்சியம் ஃபுளோரைடு ஆகிவிடும். அது தண்ணீரில் எளிதில் கரையாத பொருள், அதனால் படிந்து தங்கிவிடும். கால்சியம் இல்லாதபோது பிடித்து வைக்க ஆள் இல்லை, ஃபுளோரைடு தண்ணீரிலேயே இருந்துவிடும். பாடத்தில் இல்லாத இந்தக் கேள்வியைக் கேட்ட பிள்ளை, பாடத்தைப் புரிந்துகொண்ட பிள்ளை.

அப்புறம் ஊரோடு பொருத்திப் பார்க்கும் கட்டம். கிருஷ்ணகிரிப் பக்கத்து கிரானைட் குவாரிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ‘கடினப் பாறைப் பகுதி’ எது என்று விளக்கவே வேண்டாம். பல்லில் பழுப்புக் கறை உள்ளவர்களை ஊரில் பார்த்திருக்கும். காவிரித் தண்ணீரைத் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. அதன் நோக்கங்களில் ஒன்றே இந்த ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பது. “போர்வெல் தண்ணீர் இருக்கும்போது ஆற்றுத் தண்ணீரை ஏன் இவ்வளவு தூரம் கொண்டுவர வேண்டும்?” என்று கேளுங்கள். முதல் வாக்கியத்தில் வந்த ‘நீண்டகாலம் தொடர்பு’ என்ற சொற்களுக்குத் திரும்பிப் போய் பிள்ளையே பதில் சொல்லும். ஆற்று நீர் மேலே ஓடிவிடுகிறது, ஆழத்து நீரைப் போலப் பாறையோடு நெடுங்காலம் கிடப்பதில்லை. அந்த இடத்தில் பிள்ளையின் முகத்தில் வரும் தெளிவுக்காகவே ஒரு பாடவேளையைச் செலவழிக்கலாம்.

கேள்வி எங்கே இருக்கிறது, பதில் எங்கே இருக்கிறது

எல்லாக் கேள்வியும் ஒரே மாதிரி இல்லை. “எவ்வளவு அளவுக்கு மேல் போனால் கறை வரும்?” என்பதற்குப் பதில் ஒரே வரியில் கிடக்கிறது. “பற்பசையில் ஃபுளோரைடு போடுகிறார்களே, அது தப்பா?” என்பதற்கு இரண்டாம், மூன்றாம் வாக்கியங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். “எங்கள் ஊர் போர்வெல்லில் எவ்வளவு இருக்கிறது?” என்பதற்குப் பதில் புத்தகத்திலேயே இல்லை, தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்க வேண்டும். நம் புத்தகத்தின் பின்பக்கக் கேள்விகளில் நிறைய முதல் வகை. அதற்குப் பழகிய பிள்ளை, வரியைத் தேடிக் கண்டுபிடித்து எழுதிவிட்டால் படித்தாயிற்று என்று நினைத்துவிடும். ஆகவே தினம் ஒரே ஒரு கேள்வியாவது இரண்டாம் வகையாக இருக்கட்டும். அதைப் பிள்ளையே உருவாக்கினால் இன்னும் நல்லது.

இதை நாம் வெளியிலிருந்து கடன் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை. மாணவன் எப்படிப் பயில வேண்டும் என்று சொல்லும் இடத்தில் நன்னூல், கேட்டவை நினைத்தல், உடன் படிப்போரோடு சேர்ந்து பயிலல், வினாதல், வினாயவை விடுத்தல் என்று வரிசையாகச் சொல்கிறது. கேட்பதும், கேட்டதற்குப் பதில் தருவதும், கூடிப் படிப்பதும் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே மாணவனின் கடமையாக எழுதி வைக்கப்பட்டவை. இன்றைய வகுப்பில் வினாதல் ஆசிரியரின் வேலை, விடுத்தல் கைடின் வேலை என்று ஆகிவிட்டதுதான் வருத்தம்.

முன்பே தெரிந்தது எவ்வளவு உதவும்

1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியை மாணவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்களானாலும் அந்த ஆட்டத்தை நன்றாக அறிந்த பிள்ளைகள், நன்றாக வாசிக்கும், ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள்.

நம் ஊரில் இதைப் பட்டுப்புழுவில் பார்க்கலாம். வீட்டில் புழு வளர்க்கும் குடும்பத்துப் பிள்ளையிடம் உருமாற்றம் பற்றிய பாடத்தைக் கொடுங்கள். புழு நான்கு முறை தோலுரிக்கும், அப்போது இலை தின்னாமல் தலையைத் தூக்கி அசையாமல் கிடக்கும், ஐந்தாம் பருவத்தில் மல்பெரித் தழையை அள்ளி அள்ளித் தின்னும் என்பதெல்லாம் அதற்கு வீட்டுச் செய்தி. வகுப்பில் ‘சுமார்’ என்று பெயர் வாங்கிய பிள்ளை அன்றைக்கு எல்லோருக்கும் விளக்கும். பின்தங்கிய மாணவர் என்று முத்திரை குத்துவதற்கு முன்னால், அந்தப் பிள்ளைக்கு எந்த விஷயம் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். பாடத்துக்குள் நுழைவதற்கு முன் பத்து நிமிடம், “இதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?” என்று பேசவிடுவது வீண் நேரம் ஆகாது. தெரியாத விஷயமாக இருந்தால் ஒரு படத்தையோ வரைபடத்தையோ காட்டிவிட்டுப் பாடத்தைத் திறக்கலாம்.

மொழிக்கும் இது பொருந்தும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டுப் பள்ளியில் தமிழில் படிக்கும் பிள்ளைகள் நிறைய. ஒரு பத்தியை வாசித்ததும் பக்கத்துப் பிள்ளையோடு தங்கள் வீட்டு மொழியில் அதைப் பேசிக்கொள்ள அனுமதியுங்கள். புரிந்த பிறகு தமிழில் எழுதுவது சுலபம். புரியாததை எந்த மொழியிலும் எழுத முடியாது. ஆங்கில வழியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் இதேதான்.

பெரியவர்கள் யோசித்துக் காட்ட வேண்டும்

இந்தப் பழக்கங்கள் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவை. சைக்கிள் ஓட்டுவதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், யோசிப்பதை எப்படிப் பார்ப்பது? அதனால் ஆசிரியர் பாடத்தை வாசிக்கும்போது தன் மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “காரத்தன்மை மிகுந்தும்... காரத்தன்மைன்னா அமிலத்துக்கு எதிர்ப்பக்கம். சரி. காணப்படுமாயின்... ஓ, நிபந்தனை வருது, அப்ப எல்லா இடத்திலயும் இப்படி நடக்காது. கால்சியத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? தெரியல, இங்க ஒரு குறி போட்டுக்கிறேன்.” ஆசிரியருக்கே ஒரு வரியில் சந்தேகம் வருகிறது, அவர் நின்று திரும்பி வாசிக்கிறார் என்று பார்ப்பது பிள்ளைக்குப் பெரிய விடுதலை. புரியாமல் நிற்பது மக்குத்தனம் என்ற பயம் அன்றோடு போகும்.

அடுத்த கட்டத்தில் வேலையைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும். அன்னமேரி பாலின்சாரும் ஆன் பிரவுனும் 1984இல் விளக்கிய முறை இதற்கு அருமையானது. சரளமாக வாசித்தும் பொருள் புரியாத ஏழாம் வகுப்பு மாணவர்களுக்காக அவர்கள் உருவாக்கியது அது. நான்கைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து ஒரு பத்தியை வாசிப்பார்கள். ஒரு பிள்ளை ‘ஆசிரியர்’ ஆகும். அது பத்தியிலிருந்து ஒரு கேள்வி கேட்கும், சாரத்தைச் சொல்லும், புரியாத சொல்லையோ வரியையோ எல்லோரோடும் சேர்ந்து தெளிவுபடுத்தும், அடுத்த பத்தியில் என்ன வரும் என்று ஊகிக்கும். அடுத்த பத்திக்கு இன்னொரு பிள்ளை ஆசிரியர். முதல் வாரத்தில் கேள்விகள் “ஃபுளோரைடு என்றால் என்ன?” என்ற அளவில்தான் இருக்கும், சாரம் என்ற பெயரில் முழுப் பத்தியும் திரும்ப வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து, சிக்கும்போது மட்டும் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தால் போதும். ஐம்பது பேர் இருக்கும் வகுப்பில் தினமும் இது நடக்காது என்பது எனக்கும் தெரியும். வாரம் ஒரு பாடவேளை, ஒரே ஒரு பக்கம் என்று வைத்துக்கொண்டால் நடக்கும். ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு மாலைப் படிப்பு நேரத்தில் இன்னும் நன்றாக நடக்கும்.

புத்தகத்தை மூடிவிட்டு

ஹைலைட்டர் பற்றி ஒரு வார்த்தை. பக்கம் முழுக்க மஞ்சள் பூசுவதால் புரிதல் வந்துவிடாது. படிக்கும் முறைகளை ஒப்பிட்டு 2013இல் ஜான் டன்லோஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய விரிவான மதிப்பீட்டில், கோடு போடுவதும் திரும்பத் திரும்ப வாசிப்பதும் குறைந்த பயன் தரும் முறைகளாகவே வைக்கப்பட்டன. தன்னைத்தானே சோதித்துக்கொள்வதும், இடைவெளி விட்டுப் படிப்பதும் மேலே நின்றன.

ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் இருவரும் 2006இல் காட்டியது இன்னும் தெளிவு. ஒரு பகுதியை மறுபடி வாசித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்த சோதனையிலோ, மறுபடி வாசிக்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். மறுவாசிப்பு அப்போதைக்குத் தெரிந்த மாதிரி ஒரு நினைப்பைத் தருகிறது. தேர்வுக்கு முந்தின இரவு மூன்று தடவை வாசித்த பிள்ளை “எல்லாம் தெரியும்” என்று நம்பிப் போய் ஹாலில் உட்கார்ந்து திணறுவது இதனால்தான்.

செய்ய வேண்டியது எளிது. ஒரு பத்தி வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அதில் என்ன இருந்தது என்று சொந்த வார்த்தையில் இரண்டு வரி எழுத வேண்டும். பிறகு திறந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். விட்டுப்போனது எதுவோ அதைத்தான் மறுபடி வாசிக்க வேண்டும். மூன்று நாள் கழித்து அதே பத்தியை மறுபடி ஒரு தடவை, பார்க்காமல்.

வீட்டில் அம்மா, அப்பா படிக்காதவர்களாக இருந்தாலும் இதில் உதவ முடியும். “இன்னைக்கு என்னடா கண்ணு படிச்ச, எனக்குப் புரியற மாதிரி சொல்லு” என்று கேட்டு, அப்புறம் “ஏன் அப்படி?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். பதில் சரியா தப்பா என்று அவர்கள் பார்க்க வேண்டாம். பிள்ளை எந்த இடத்தில் தடுமாறி நின்றதோ அங்கே புத்தகத்தைத் திறந்து பார்க்கச் சொல்லட்டும். அப்போதும் புரியாவிட்டால், மறுநாள் ஆசிரியரிடம் போய் “பாடமே புரியல சார்” என்று சொல்லாமல் “இந்த வரி வரைக்கும் புரிஞ்சது, இந்த வார்த்தைக்கு அப்புறம் புரியல” என்று சொல்லப் பழக்குங்கள். அப்படிக் கேட்டால் ஆசிரியரும் அந்த ஒரு வரியை மட்டும் எடுத்து இரண்டு நிமிடத்தில் விளக்கிவிடலாம்.